கணையப் புற்றுநோயும் நானோ மருந்தும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கணையப் புற்றுநோய் பற்றி இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை 'நானோ' என்ற ஒரே சொல்லைச் சுற்றி எழுதப்பட்டிருந்தன. கார், யூரியா, தண்ணீர்த் தொட்டி என்று எதற்கெல்லாமோ அடைமொழியாகிவிட்ட அச்சொல் இப்போது மருந்துச் சீட்டிலும் தென்படுவதால், நம்பிக்கையும் குழப்பமும் சேர்ந்தே எழுவது இயல்பு. ஒத்த கேள்விகளை ஒன்றாக்கி இங்கே பதில் தருகிறோம்.

என் அண்ணனுக்கு வயது 58. கணையத்தில் தோன்றிய புற்று கல்லீரலுக்கும் பரவிவிட்டதால் அறுவைச் சிகிச்சைக்கு வழியில்லை என்று கூறிவிட்டார்கள். வாரம் ஒருமுறை இரண்டு மருந்துகள் ஏற்றப்போவதாகவும், அவற்றுள் ஒன்று நானோ மருந்து என்பதால் அது புற்றை மட்டும் தேடிச் சென்று அழிக்கும் என்றும் ஒருவர் விளக்கினார். இது கீமோதெரபிதானா, வேறு சிகிச்சையா? – வாசகர், ஈரோடு

கீமோதெரபிதான். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், பரிந்துரைக்கப்பட்டிருப்பவை ஜெம்சைட்டபினும், அல்புமினோடு பிணைக்கப்பட்ட பேக்லிடாக்சலுமாக இருக்க வேண்டும். இரண்டாவதையே மருத்துவர்கள் 'நாப்-பேக்லிடாக்சல்' என்று குறிப்பிடுவார்கள். வழக்கமான முறையில் 28 நாள் கொண்ட ஒரு சுற்றில் 1, 8, 15 ஆகிய நாள்களில் இரண்டையும் ஏற்றி, நான்காம் வாரத்தை ஓய்வுக்கு விடுவார்கள்.

பேக்லிடாக்சல் புதிய மருந்தன்று. அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, அதன் வேதியமைப்பை 1971-இல் வெளியிட்டவர்கள் மன்ரோ வாலும், மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வாணியும். மருந்து வலியது, ஆனால் தண்ணீரில் கரையாது. கரையாத ஒன்றை இரத்தக் குழாயில் எப்படி ஏற்றுவது? ஆமணக்கெண்ணெயிலிருந்து வேதிமுறையில் உருவாக்கிய ஒரு கரைப்பானையும் ஆல்கஹாலையும் கலந்துதான் பல ஆண்டுகள் ஏற்றிவந்தார்கள். மருந்தைவிட அக்கரைப்பானே சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கியதால், முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுத்து, மூன்று மணி நேரம் மெதுவாக ஏற்ற வேண்டியிருந்தது.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வாகத்தான் நம் இரத்தத்தில் இயல்பாகவே இருக்கும் அல்புமின் என்னும் புரதத்தோடு மருந்தைப் பிணைத்து, சராசரியாக 130 நானோமீட்டர் அளவுள்ள துகள்களாக ஆக்கினார்கள். ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கே நானோமீட்டர். ஓர் இரத்தச் சிவப்பணுவின் குறுக்களவு ஏறத்தாழ 7,000 நானோமீட்டர் என்பதால், அதன் குறுக்கே இத்தகைய துகள்கள் ஐம்பதை வரிசையாக அடுக்கலாம். கரைப்பான் தேவையில்லை, அரை மணி நேரத்தில் ஏற்றி முடிக்கலாம், கூடுதல் அளவும் கொடுக்கலாம். இம்மருந்து 2005-இல் மார்பகப் புற்றுக்கும், 2013 செப்டம்பரில் பரவிய கணையப் புற்றுக்கும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

கணையப் புற்றுக்கான ஒப்புதலுக்கு அடிப்படையாக அமைந்த ஆய்வில் 861 நோயாளிகள் பங்கேற்றார்கள். ஜெம்சைட்டபின் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 6.7 மாதம், நாப்-பேக்லிடாக்சலும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 8.5 மாதம். இடைநிலை என்றால் பாதிப்பேர் அதற்குக் குறைவாகவும் பாதிப்பேர் அதற்கு மேலும் வாழ்ந்தார்கள் என்று பொருளே தவிர, உங்கள் அண்ணனுக்கு விதிக்கப்பட்ட கெடு அன்று. ஓராண்டைக் கடந்தவர்கள் 22 விழுக்காட்டிலிருந்து 35 விழுக்காடாகவும், இரண்டாண்டைக் கடந்தவர்கள் 4 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காடாகவும் கூடினார்கள். 1.8 மாதம் என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அற்பமாகத் தோன்றலாம். பல ஆண்டுகள் புதிய மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றுப்போன இந்நோயில் அதைப் பொருட்படுத்தத்தக்க முன்னேற்றமாகவே மருத்துவ உலகம் கருதியது.

'புற்றை மட்டும் தேடிச் செல்லும்' என்பது மிகைப்பட்ட பேச்சு. புற்றுச் சூழலில் மிகுந்து காணப்படும் 'ஸ்பார்க்' என்ற புரதம் அல்புமினைக் கவர்ந்திழுத்து மருந்தை அங்கே சேர்க்கும் என்று ஒரு கருதுகோள் முன்வைக்கப்பட்டது உண்மை. ஆனால் இதே ஆய்வில் பங்கேற்றவர்களின் திசுக்களைச் சோதித்தபோது, ஸ்பார்க் மிகுந்தவர்களுக்கு மருந்து கூடுதலாகப் பயன்பட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை. மேலும், 130 நானோமீட்டர் துகள்கள் இரத்தத்தில் கலந்த சிறிது நேரத்திலேயே பிரிந்து, தனித்தனி அல்புமின் மூலக்கூறுகளோடு ஒட்டிய மருந்தாகச் சிதறிவிடுகின்றன. ஆகவே, இந்த மருந்தில் நானோ நுட்பத்தின் பெரும்பங்கு மருந்தைச் சுமக்கும் வண்டியை மாற்றியதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அது சிறிய வேலையன்று. ஆனால் மந்திரமும் அன்று. முடி கொட்டும், வெள்ளணுக்கள் குறையும், கால் மரத்துப்போகலாம்.

ஒரு நடைமுறைச் செய்தி. இந்திய நிறுவனங்கள் பலவும் இம்மருந்தைத் தயாரிக்கின்றன. வெளியே மருந்துக்கடையில் வாங்கிவரச் சொன்னால், அட்டையில் 'அல்புமின் பிணைந்தது' என்ற குறிப்பு இருக்கிறதா என்று மருந்தாளரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். சாதாரணப் பேக்லிடாக்சலும் இதுவும் அளவிலும் ஏற்றும் முறையிலும் வேறுபட்டவை. ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிக் கொடுக்கக் கூடாது.

நானோ துகள்கள் கட்டிக்குள் தாமாகவே கசிந்து தேங்கும் என்று கல்லூரியில் படித்தேன். அப்படியானால் கணையப் புற்று மட்டும் ஏன் மசியவில்லை? – உயிரித்தொழில்நுட்ப மாணவி, திருநெல்வேலி

நீங்கள் படித்தது ஜப்பானின் குமமோட்டோ நகரில் மட்சுமுராவும் மயேதாவும் 1986-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு. புற்றுக்கட்டியில் அவசர அவசரமாக வளரும் இரத்தக் குழாய்களின் சுவர்களில் இடைவெளிகள் இருக்கும். அவற்றின் வழியே பெரிய மூலக்கூறுகள் கசியும். கட்டிக்குள் நிணநீர் வடிகால் சரிவர அமையாததால் கசிந்தவை அங்கேயே தங்கும். நானோ மருந்துத் துறை ஏறத்தாழ முழுவதுமே இந்த ஒரு கருத்தின்மேல் எழுந்தது.

ஆய்வுக்கூட எலியின் தோலுக்கடியில் வேகமாக வளர்க்கப்படும் கட்டிக்கு இது நன்றாகவே பொருந்தியது. மனிதக் கணையத்தில் மெதுவாக உருவாகும் கட்டி வேறு வகை. அதில் புற்றணுக்கள் சிறுபான்மை. பெரும்பகுதி நார்த்திசுவும், அதை உண்டாக்கும் அணுக்களும், தண்ணீரை உறிஞ்சி உப்பும் ஹயலூரோனிக் அமிலமும்தான். இந்த இறுக்கத்தில் நுண்குழாய்கள் நசுங்கிக் கிடப்பதால் இரத்தமே குறைவாகத்தான் உள்ளே செல்கிறது. கசிவதற்குக் குழாயே இல்லாத இடத்தில் எதைக் கசியச் செய்வது? பத்தாண்டுக் கால விலங்கு ஆய்வுகளைத் தொகுத்து வாரன் சானின் குழுவினர் 2016-இல் வெளியிட்ட கணக்கின்படி, செலுத்தப்பட்ட நானோ துகள்களில் கட்டியைச் சென்றடைந்தவை இடைநிலையாக 0.7 விழுக்காடு மட்டுமே. அதுவும் எல்லா வகைக் கட்டிகளையும் சேர்த்துப் பார்த்த கணக்கு. மீதியில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் வடித்துப் பிடித்துக்கொள்கின்றன.

அளவைக் குறைத்தால் உள்ளே போகுமா என்ற கேள்விக்கு ஜப்பானிலேயே ஒரு விடை கிடைத்தது. கட்டாவ்காவும் கப்ராலும் அடங்கிய குழு 30, 50, 70, 100 நானோமீட்டர் அளவுகளில் ஒரே மருந்தைச் சுமக்கும் பொதிகளைச் செய்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. குழாய்கள் தாராளமாகக் கசியும் கட்டிகளில் நான்கும் நுழைந்தன. கணையக் கட்டியில் 30 நானோமீட்டர் பொதி மட்டுமே ஆழமாக ஊடுருவிப் பயன் தந்தது. 2011-இல் வெளியான அம்முடிவு, இத்துறையில் வேலை செய்பவர்கள் பலரும் இன்றும் மேற்கோள் காட்டுவதாக இருக்கிறது.

மற்றொரு வழி, நார்த்திசு என்னும் மதிலையே இடித்துவிடுவது. நார்த்திசுவைத் தளர்த்தும் ஒரு மருந்து எலிகளிடம் கீமோதெரபியை உள்ளே சேர்த்ததாக 2009-இல் செய்தி வந்தபோது துறையே துள்ளியது. மனிதரிடம் சோதித்தபோது அம்மருந்தைப் பெற்றவர்கள் மற்றவர்களைவிட மோசமான நிலையை அடைந்ததால், 2012-இல் சோதனை நிறுத்தப்பட்டது. ஹயலூரோனிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதி ஒன்றை, முதற்கேள்வியில் சொன்ன இரு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வும் 2019-இல் ஆயுளைக் கூட்டவில்லை என்று முடிந்தது. இதற்கிடையே, நார்த்திசுவை அடியோடு நீக்கினால் புற்று இன்னும் மூர்க்கமாகப் பரவுவதாக 2014-இல் எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டின. மருந்தைத் தடுக்கும் அதே மதில் புற்றையும் ஓரளவு கட்டிவைத்திருக்கிறது என்பதுதான் இந்நோயின் பொல்லாத முரண். நீங்கள் மேற்படிப்பில் இத்துறையைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால், மதிலை இடிக்காமல் சற்று நெகிழ்த்துவது எப்படி என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம்.

நானோ ரோபோக்கள் உடலுக்குள் நுழைந்து புற்றைக் கொல்வதாகக் காணொளி பார்த்தேன். அந்தச் சிகிச்சை எங்கே கிடைக்கும்? – வாசகர், சேலம்

எங்கும் கிடைக்காது. டி.என்.ஏ. இழைகளை மடித்துச் செய்த நுண்குழல்கள், கட்டிக்கு உணவூட்டும் குழாய்களை அடைத்ததாக 2018-இல் வெளியான ஆய்வு உண்மையானது; ஆனால் அது எலிகளில் நடந்தது. காணொளிகளில் வரும் உலோகச் சிலந்திகள் ஓவியரின் கற்பனை. கணையத்தைப் பொறுத்தவரை மனிதரிடம் தொடக்கநிலைச் சோதனையில் இருப்பவற்றுள் ஒன்றைச் சொல்லலாம்: ஹாஃப்னியம் ஆக்சைடு என்னும் நுண்துகளை எண்டோஸ்கோப்பி வழியே கட்டிக்குள் ஊசியால் நேரடியாகச் செலுத்தி, பிறகு கதிர்வீச்சு கொடுத்து, அதன் தாக்கத்தை அவ்விடத்தில் கூட்டிப் பார்க்கிறார்கள்.

அப்பாவுக்கு முதல் சிகிச்சை ஆறு மாதம் பலன் தந்து, இப்போது கட்டி மீண்டும் வளர்கிறது. 'லைப்போசோம் இரினோடெக்கான்' கொடுக்கலாம் என்கிறார்கள். இது பயனுள்ளதா? – வாசகி, கோயம்புத்தூர்

லைப்போசோம் என்பது கொழுப்பால் ஆன நுண்குமிழி. அணுச்சவ்வைப் போன்ற அக்குமிழிகள் தாமே உருவாவதை 1960-களில் இங்கிலாந்தில் அலெக் பாங்கம் கண்டறிந்தார். இம்மருந்தில் ஏறத்தாழ 110 நானோமீட்டர் அளவுள்ள ஒவ்வொரு குமிழிக்குள்ளும் சுமார் 80,000 இரினோடெக்கான் மூலக்கூறுகள் அடைக்கப்பட்டுள்ளன. திறந்த நிலையில் ஏற்றினால் விரைவில் சிதைந்து வெளியேறும் மருந்து, குமிழிக்குள் இருக்கும்போது நெடுநேரம் இரத்தத்தில் சுற்றுகிறது. மேலே சொன்ன அல்புமின் துகளைவிட, 'நானோ' என்ற பெயருக்கு இதுவே கூடுதல் உரிமையுடையது.

ஜெம்சைட்டபின் பலனளிக்காமல் போனவர்களிடம் நடந்த ஆய்வில், இதை 5-எஃப்.யூ. என்னும் கீமோ மருந்து, அதன் வீரியத்தைக் கூட்டும் லியூக்கோவோரின் ஆகியவற்றோடு பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 6.1 மாதமாகவும், இது இல்லாமல் அவ்விரண்டை மட்டும் பெற்றவர்களுக்கு 4.2 மாதமாகவும் இருந்தது. 2015 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது இதன் பேரில்தான். பின்னர் இக்கூட்டுடன் ஆக்சாலிபிளாட்டின் என்னும் கீமோ மருந்தையும் சேர்த்து முதற்சிகிச்சையாகவே 770 பேரிடம் ஒப்பிட்டபோது, 11.1 மாதம், எதிரணியில் ஜெம்சைட்டபினும் நாப்-பேக்லிடாக்சலும் 9.2 மாதம். அக்கூட்டு 2024 பிப்ரவரியில் ஒப்புதல் பெற்றது. ஆனால் குமிழியில் அடைக்காத சாதாரண இரினோடெக்கானைக் கொண்டு அதே போன்ற நான்கு மருந்துக் கூட்டை 2011-லேயே பிரெஞ்சு மருத்துவர்கள் சோதித்து, அவர்களும் 11.1 மாதத்தையே எட்டியிருந்தார்கள். வெவ்வேறு ஆய்வுகளின் எண்களை நேருக்கு நேர் நிறுத்துவது முறையன்று என்றாலும், விலை வேறுபாட்டை நினைக்கும்போது இந்தக் கேள்வி எழாமல் இராது. உங்கள் அப்பா எழுந்து நடமாடும் நிலையில் இருந்தால், 'லைப்போசோம் வகைதான் வேண்டுமா, சாதாரண இரினோடெக்கான் உள்ள கூட்டு இவருக்குப் பொருந்துமா?' என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். கடன் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

சித்த மருத்துவப் பற்பங்களும் நானோ துகள்கள்தான் என்கிறார்கள். 'நானோ மஞ்சள்' மாத்திரையும் விற்கிறார்கள். கீமோவோடு சேர்த்து இவற்றைக் கொடுக்கலாமா? – வாசகர், மதுரை

பற்பங்கள் சிலவற்றை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது நானோ அளவுத் துகள்கள் தென்பட்டதாக ஆய்வுகள் உள்ளன. அதை மறுக்க வேண்டியதில்லை. புடம் போட்டுப் போட்டு நுணுக்கிய நம் முன்னோரின் கைத்திறன் வியப்புக்குரியதுதான். ஆனால் துகள் சிறியது என்பது அதன் அளவைப் பற்றிய செய்தியே ஒழிய, அது கணையப் புற்றைக் குணப்படுத்தும் என்பதற்குச் சான்றன்று. அடுப்புக்கரியிலும் நானோ துகள்கள் உண்டு. பற்பத்தால் கணையப் புற்று கட்டுப்பட்டதாக முறையான மனிதச் சோதனை எதுவும் நிறுவவில்லை. பாதரசமோ ஈயமோ கலந்தவை கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கினால், அடுத்த சுற்றுக் கீமோவையே ஒத்திவைக்க நேரும்.

மஞ்சளின் கதை சற்று வேறு. அதிலுள்ள குர்குமினை ஹூஸ்டன் நகரில் கணையப் புற்று நோயாளிகள் 25 பேருக்கு நாள்தோறும் 8 கிராம் கொடுத்துப் பார்த்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். இருவரிடம் மட்டுமே ஏதோ ஒரு பலன் தெரிந்தது. எட்டுக் கிராம் விழுங்கியும் இரத்தத்தில் குர்குமின் மிகச் சொற்பமாகவே காணப்பட்டது என்பதுதான் அதில் கவனிக்கத்தக்கது. குடல் அதை ஏற்பதில்லை. அதனால்தான் குர்குமினை நுண்துகளாக்கி உடலில் ஏறச் செய்யும் முயற்சிகள் எழுந்தன. ஜப்பானில் நடந்த ஒரு சிறு சோதனையில் அவ்வாறு செய்தபோது இரத்தத்தில் அளவு கூடியது. ஆயுள் கூடியது என்று நிறுவும் பெரிய ஆய்வு இதுவரை இல்லை. குழம்பில் போடும் மஞ்சளுக்குத் தடையில்லை. செறிவூட்டிய மாத்திரை என்றால், இரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்களுக்கும் பித்தநாளம் அடைபட்டவர்களுக்கும் அது தீங்காகலாம் என்பதால், மருத்துவரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். மறைத்துக் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

கணையப் புற்றுக்குத் தடுப்பூசி வந்துவிட்டதாமே? – வாசகர், சென்னை

நோய் வராமல் தடுக்கும் ஊசியன்று. கட்டியை அறுத்தெடுத்த பின் அது திரும்பாமலிருக்கக் கொடுக்கப்படும் ஊசி. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் வினோத் பாலச்சந்திரன் தலைமையில், ஜெர்மனியின் பயோன்டெக் நிறுவனத்தோடு சேர்ந்து நடந்த முதற்கட்ட ஆய்வு அது. ஒவ்வொரு நோயாளியின் கட்டியையும் ஆராய்ந்து, அதற்கே உரிய மரபணு மாற்றங்களை அடையாளம் கண்டு, அவற்றை நோயெதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டிக்கொடுக்கும் எம்.ஆர்.என்.ஏ.வை (புரதம் செய்யும் கட்டளையைச் சுமக்கும் இழையை) அவருக்கென்றே தனியாகச் செய்து, கொழுப்பு நானோ துகளில் பொதிந்து ஏற்றினார்கள். வெறும் எம்.ஆர்.என்.ஏ. இரத்தத்தில் நொடியில் சிதைந்துவிடும் என்பதால், நானோ பொதி இங்கே தவிர்க்க முடியாதது. பொதி கட்டிக்குள் நுழையவேண்டிய தேவையும் இல்லை. மண்ணீரலில் பிடிபட்டாலும் நல்லதுதான். நோயெதிர்ப்பு அணுக்கள் அங்கேதான் குழுமியிருக்கின்றன. முன்பு சொன்ன மதில் சிக்கலை இவ்வாறு சுற்றிக்கொண்டு போவதே இம்முறையின் அழகு.

ஊசி பெற்ற 16 பேரில் 8 பேரிடம் எதிர்ப்பாற்றல் எழுந்தது. மூன்றாண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2025-இல் வெளியிட்ட முடிவின்படி, அந்த 8 பேரில் இருவருக்கே நோய் திரும்பியது. எதிர்ப்பாற்றல் எழாத 8 பேரில் எழுவருக்குத் திரும்பியது. பதினாறு பேரை வைத்து முடிவுகட்ட இயலாது. எதிர்ப்பாற்றல் எழுந்தவர்கள் இயல்பிலேயே வலுவானவர்களாக இருந்திருக்கலாம். பெரிய இரண்டாம் கட்டச் சோதனை நடைபெறுகிறது. நோய் கண்டறியப்படும்போது அறுவைக்கு ஏற்ற நிலையில் இருப்பவர்கள் நூற்றுக்குப் பதினைந்து இருபது பேர்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

என் கணவர் மூன்று சுற்று நாப்-பேக்லிடாக்சல் முடித்திருக்கிறார். பாதங்கள் மரத்து, செருப்பு கழன்றதுகூடத் தெரியவில்லை. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று மருத்துவரிடம் சொல்ல மறுக்கிறார். – வாசகி, தஞ்சாவூர்

இன்றே சொல்லுங்கள் அம்மா. அவர் சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். இது இம்மருந்தின் நன்கறியப்பட்ட விளைவு. 861 பேர் ஆய்வில் மருந்தைப் பெற்றவர்களுள் 17 விழுக்காட்டினருக்குக் கடுமையாகவே வந்தது. மருந்தை இடையில் நிறுத்தியபோது, அவர்களுக்குக் கடுமை தணிய ஆன இடைநிலைக் காலம் 29 நாள். ஏறத்தாழ பாதிப்பேர் குறைந்த அளவில் மீண்டும் மருந்தைத் தொடர்ந்தார்கள். ஆகவே, சொன்னால் சிகிச்சை முடிந்துபோகும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. மறைத்துத் தொடர்ந்தால்தான் உணர்விழப்பு நிலைத்துவிடும் ஆபத்து கூடும்.

அதுவரை வீட்டுக்குள்ளும் வாரால் இறுகப் பிணைத்த செருப்பு போடச் செய்யுங்கள். வெந்நீரின் சூட்டை அவர் காலால் பார்க்க வேண்டாம், நீங்கள் கையால் பாருங்கள். இரவில் குளியலறை செல்லும் வழியில் விளக்கு எரியட்டும். கணையப் புற்று உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோய் சேர்ந்தே வருவது உண்டு. அதுவும் பாதத்தை மரக்கச் செய்யும் என்பதால் சர்க்கரை அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, குளிர்நடுக்கம் வந்தாலோ, அவருக்குப் பித்தநாள அடைப்பை நீக்கும் ஸ்டென்ட் என்னும் சிறுகுழாய் வைத்திருந்து கண் மஞ்சளானாலோ விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கீமோ ஏற்றிய தேதி எழுதிய சீட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.